டிசம்பர் பூவைப் பற்றி நான் எழுதியது தப்பு

1

நம் பங்கு மாத இதழில் இந்தக் கடைசிப் பக்கத்தை எனக்கு ஒதுக்கி ஏழு வருஷம் ஆகிறது. பினாங்கைப் பற்றி என்னென்னவோ எழுதிவிட்டேன். பெரும்பாலும் உண்மைதான். கொஞ்சம் பெருமைக்காகக் கூட்டிச் சொன்னதும் உண்டு. கடல் கடந்து இருக்கிறவளுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

ஆனால் ஒரு விஷயத்தைத் திருத்தியே ஆக வேண்டும். பட்டர்வொர்த் ரயில் பாதை ஓரமெல்லாம் நம் ஊர் டிசம்பர் பூ ஊதா ஊதாவாகப் பூத்துக் கிடக்கிறது, அதற்குக் காரணம் நான் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த விதைதான் என்று இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அதை நம் பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்கள் என்று அக்கா சொன்னாள். 'கடல் கடந்து பரவிய நம் ஊர் மலர்' என்று தலைப்பாம். தயவுசெய்து யாராவது போய் அழித்துவிடுங்கள். பலகை உயரமாக இருந்தால் நாற்காலி போட்டு ஏறுங்கள்.

இன்னொன்றும் எழுதியிருந்தேன். அந்தச் செடி பூத்ததால்தான் நான் இந்த நாட்டில் தங்கினேன் என்று. அது உண்மை. சிக்கலே அதுதான். முதலாவது தப்பென்றால் இரண்டாவதை என்ன செய்வது? இந்த இருபத்திரண்டு வருஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? இரண்டு மாதமாக எனக்கு இதே யோசனை.

2

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. நான் நிலக்கோட்டைப் பக்கத்துப் பெண். பினாங்கு மாப்பிள்ளை, கத்தோலிக்கக் குடும்பம், ரயில்வே சரக்குக் கொட்டகையில் கிளார்க் வேலை என்று சொல்லிக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை பெயர் ஆரோக்கியம். ஆள் பேசவே மாட்டார். பெண் பார்க்க வந்தபோது அவர் பேசியது ஒரே வாக்கியம்: "காப்பி நல்லாருக்கு." அதுவும் அவருக்கு வேறு யாரோ சொல்லிக் கொடுத்தது என்று பிறகு தெரிந்தது.

முதலில் குடியிருந்தது பினாங்குத் தீவில் இல்லை. அக்கரையில், பட்டர்வொர்த்தை ஒட்டிய பாகான் டாலாமில், மாமியார் வீட்டில். நான் வந்த வாரமே பாசாருக்குப் போய்த் தலைக்கு வைக்கப் பூ வேண்டும் என்று கேட்டேன். பாஷை தெரியாது. 'பூங்கா' என்ற ஒரு மலாய்ச் சொல்லைக் கற்றுக்கொண்டு போயிருந்தேன். பூங்கா என்றால் பூ. காய்கறிக்கார அம்மாள் மிகவும் சந்தோஷமாக ஒரு விரல்நீள இளஞ்சிவப்பு மொட்டைத் தண்டோடு எடுத்துக் கொடுத்தார். வாசனையும் நன்றாகத்தான் இருந்தது. பின்னலில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாமியார் என்னைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது லக்சா குழம்பில் அரிந்து போடுகிற பூங்கா கந்தானாம். இஞ்சிக்குச் சொந்தம். அன்று மாலை என் தலையிலிருந்து இறங்கிய பூ ராத்திரி என் தட்டுக்கு வந்தது. இந்த ஊரில் பூவைச் சாப்பிடுவார்கள் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன். நீலச் சங்குப்பூவைச் சோற்றில் போட்டு நீலமாக்குகிறார்கள். நம் ஆட்கள் பார்த்தால் தோஷம் கழிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

மல்லிகை லிட்டில் இந்தியாவில் கிடைக்கும். டிசம்பர் பூ கிடைக்காது. வாசனையும் இல்லாமல், ஒரு பொழுதுக்கு மேல் தாங்காத பூவை யார் விமானத்தில் ஏற்றுவார்கள்? எனக்கோ டிசம்பர் பூ வைக்காமல் கிறிஸ்துமஸ் வந்ததாகவே தோன்றாது. அது தெரிந்துதான் புறப்படும்போது அக்கா எங்கள் வீட்டுச் செடி விதையைக் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தாள். விமான நிலையத்தில் அதிகாரி பெட்டியைத் திறந்தபோது கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்தாகிவிட்டது. சாமியாரும் மன்னித்துவிட்டார்.

தொட்டியில் போட்டதில் மூன்று முளைத்தன. இந்த ஊர் மழை உங்களுக்குத் தெரியாது. சண்டைக்கு வருவது போல வரும். இரண்டு முளை அழுகிவிட்டது. மூன்றாவது இரண்டே இலையோடு நின்றது. அந்த நேரம்தான் ரோஸி பிறந்தாள். குறைமாதம். மூன்று வாரம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தோம். நர்சுகள் பேசுவது எனக்குப் புரியாது, நான் அழுவது அவர்களுக்குப் புரியாது. ஒருநாள் அவர் பார்க்க வந்தபோது சொல்லிவிட்டேன். விதைகூட இந்த ஊரில் பிழைக்கவில்லை, நான் எங்கே பிழைக்கிறது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகிறேன், டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். அவரோ என் தட்டில் மிச்சமிருந்த கஞ்சியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே கிளம்பியிருப்பேன்.

டிசம்பர் முதல் வாரம் பிள்ளையோடு வீட்டுக்கு வந்தேன். வாசலில் தொட்டி. தொட்டியில் செடி. செடியில் ஐந்து ஊதாப் பூ.

அப்படியே படியில் உட்கார்ந்து அழுதேன். அது பிழைத்துவிட்டது, அப்படியென்றால் நானும் பிழைப்பேன் என்று நினைத்தேன். டிக்கெட் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

3

மூன்று வாரத்தில் இரண்டிலைச் செடி ஐந்து பூ எப்படிப் பூக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். பிள்ளை பெற்று வந்தவளிடம் கணக்குக் கேட்காதீர்கள். மாமியார் இறால் கழுவின தண்ணீர் ஊற்றினேன் என்றார். நம்பிவிட்டேன்.

நம்பினது மட்டுமில்லை, பிறகு வந்த எல்லாச் சந்தேகத்துக்கும் நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். செடி முழங்கால் உயரத்துக்கு மேல் வளரவில்லை, தொட்டி சின்னது. பூவுக்குக் கீழே நம் ஊர்ச் செடிக்கு இருக்கிற முள்முள்ளான இலை இல்லை. வெளிநாட்டுக்கு வந்து நாகரிகம் பழகிவிட்டது. வருஷம் முழுக்கப் பூக்கிறது. இங்கே பனி, கோடை என்று மாதமே பிரியாது, பாவம், அதற்கு எது டிசம்பர் என்று தெரியவில்லை. காலையில் கட்டிய சரம் பதினோரு மணிக்குள் உதிர்கிறது. இந்த ஊர்ப் புழுக்கம். வீடியோவில் அக்கா தலையைத் திருப்பிக் காட்டுவாள். அவள் பூ பெரிதாக, கொத்தாக இருக்கும். உன் செடிக்கு உரம் அதிகமாகிவிட்டது என்று நான் அவளுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். ஊருக்குப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் எனக்கு லீவு கிடைத்ததெல்லாம் மே, ஜூனில். டிசம்பரில் பாகான் டாலாம் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்குச் சமைக்க மருமகள் வேண்டுமே.

ரோஸிக்கு ஐந்து வயதானபோது இக்கரைக்கு, ஜெலுத்தோங்கில் ஒரு வரிசை வீட்டுக்குக் குடிவந்தோம். பெர்ரியில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்குத்தான் ஜன்னல் வழியாக ரயில் பாதை ஓரத்தில் அதே ஊதாப் பூக்களைக் கண்டேன். "ஏங்க, நம்ம விதை பறந்து போய் விழுந்திருக்கு பாருங்க" என்றேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கலாம்" என்றார். அந்த 'இருக்கலாம்' என்பதை வைத்துத்தான் உங்களுக்கு இரண்டு கட்டுரை எழுதினேன்.

வேறு எதிலும் அக்கறை காட்டாத மனுஷன், அந்தச் செடிமீது மட்டும் உயிராக இருந்தார். வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூட மாற்றமாட்டார். சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு செடிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். எதையோ வெட்டுவார், பொறுக்குவார், காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுவார். தோட்டக்காரரே என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வேன். கோயில் பெண்கள் கன்று கேட்டால் மட்டும் கொடுக்கவிடமாட்டார். கொடுத்தால் ராசி போய்விடுமாம். பூசைக்கு வந்தாலும் பிரசங்கத்தில் தூங்குகிற மனுஷனுக்குத் திடீரென்று ராசியில் நம்பிக்கை.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். கோயிலுக்குப் போனால் எனக்கு இரண்டு அடி பின்னால்தான் வருவார். நடுநடுவே குனிவார். திரும்பிப் பார்த்தால் சப்பாத்துக் கயிறு, அதாவது ஷூ லேஸ், அவிழ்ந்துவிட்டது என்பார். எத்தனை வருஷம் ஒரு மனுஷனுக்குக் கயிறு அவிழும்? கயிறே இல்லாத சப்பாத்து ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டும் குனிந்தார். பழக்க தோஷம் என்று விட்டுவிட்டேன்.

இமிகிரேசன் கதையைத் தனியாக எழுதியிருக்கிறேன், மறுபடி அழவைக்கமாட்டேன். வருஷா வருஷம் போய் நிற்பது, கொண்டு போன காகிதத்தைத் தவிர வேறொரு காகிதம் கேட்பார்கள், அதைக் கொண்டு போனால் அவரையும் கூட்டி வரச் சொல்வார்கள். பதினோரு வருஷம் கழித்துச் சிவப்பு ஐசி, அதாவது அடையாள அட்டை, கிடைத்தது. குடிமக்களுக்கு நீலம், எங்களைப் போல நிரந்தரமாகத் தங்குகிறவர்களுக்குச் சிவப்பு. ஒரே வீட்டில் அப்பாவும் மகளும் நீலம், நான் சிவப்பு. அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: இங்கே தங்க விரும்பும் காரணம் என்ன? செடி பூத்தது என்று எழுதுங்கள் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. அதெல்லாம் எழுதக் கூடாது என்று சொல்லி மலாயில் இரண்டே சொல் எழுதினார். இக்குட் சுவாமி. சாமி கும்பிடுகிற விஷயம் என்று நினைக்காதீர்கள். புருஷனைப் பின்தொடர்ந்து வந்தவள் என்று அர்த்தம்.

4

போன அக்டோபரில் அவருக்கு முழங்கால் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம், வீட்டில் கட்டிலோடு ஒரு மாதம். நாள் முழுக்க ஒரே கேள்வி: மழை வருதா? துணி காய்கிறதென்று கவலைப்படுகிறார், பரவாயில்லையே, கால் வலி வந்ததும் பொறுப்பும் வந்துவிட்டது என்று நினைத்தேன். செடியைக் கொஞ்சம் வெட்டிவிடு என்று நாலைந்து முறை சொன்னார். அவரைத் தூக்கி உட்காரவைத்து, குளிக்கவைத்து, கஞ்சி கொடுத்துவிட்டுச் செடிக்கு முடிவெட்டுவேனா?

ஒரு மத்தியானம் மழை ஆரம்பித்தது. துணி எடுக்க வாசலுக்கு ஓடினேன். தொட்டிப் பக்கம் டிக், டிக் என்று சத்தம். பல்லியோ என்று குனிந்தேன். கன்னத்தில் பட்டென்று என்னவோ வந்து அடித்தது.

செடி முழுக்கக் காய். பழுப்பு நிறத்தில், சின்ன விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமாக, இரண்டு முனையும் கூராக. மழைத்துளி பட்டதும் ஒவ்வொன்றாக வெடித்து விதை சிதறிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் செடியில் நான் காயே பார்த்ததில்லை. ஒன்றைப் பறித்தேன். கை தானாக வாய்க்குப் போனது. எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்தேன். பட்!

உங்களுக்குப் புரிந்திருக்கும். பட்டாசுக்காய். நம் பள்ளிக்கூட வேலியோரம் கிடந்ததே, எச்சில் தொட்டு முன்வரிசைப் பெண்ணின் சட்டைக்குள் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி வாய்ப்பாடு சொல்வோமே, அதே களைச்செடி. அதற்குப் பூ உண்டு என்பதை நாம் என்றைக்காவது பார்த்தோமா? காய்க்காகத்தானே அலைந்தோம்.

மழையில் நனைந்துகொண்டே நின்றேன். எடுக்கப் போன துணியெல்லாம் இரண்டாம் முறை துவைத்தது போலாகிவிட்டது.

5

ரோஸி கோலாலம்பூர் பக்கம் தாவரப் படிப்பு படிக்கிறாள். எந்த இலையைக் காட்டினாலும் லத்தீன் பெயர் சொல்வாள், தமிழ்ப் பெயர் கேட்டால் கூகுளில் தேடுவாள். ரோஜாவின் பெயரை வைத்தேன். ஒருநாளும் தலையில் பூ வைத்ததில்லை. தலையில் எதுக்குமா தோட்டம் என்பாள். நான் ஒரு பக்கத்துக்குத் தமிழில் செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வரும். அன்றைக்குக் காயையும் பூவையும் படம் எடுத்து அனுப்பினேன். கட்டைவிரல் வரவில்லை. போனே வந்தது.

"மா, இது உங்க டிசம்பர் பூ இல்ல. இது வீட் லா. களை."

உனக்கு எப்போது தெரியும் என்றேன். முதல் வருஷப் படிப்பிலேயே தெரியுமாம். அப்பாவிடம் கேட்டாளாம். அம்மாகிட்ட சொல்லாதே என்று அவர் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். மாமியாருக்கும் தெரிந்திருக்கும் போல. இறால் தண்ணீர்க் கதையோடு போய்ச் சேர்ந்துவிட்டார். என் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

என் சத்தம் மாறினதைக் கேட்டு அவளுக்குப் பாவமாகிவிட்டது. சமாதானம் சொன்னாள். டிசம்பர் பூ, கனகாம்பரம், இந்தக் களை எல்லாம் ஒரே குடும்பம்தானாம். பெரியம்மா பிள்ளை, சித்தி பிள்ளை மாதிரி. ஒன்றைத் தோட்டத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள், ஒன்று வேலியோரமாகத் தானே பிழைத்துக்கொண்டது, அவ்வளவுதான் வித்தியாசம். அது இந்த ஊர்ச் செடியா என்று கேட்டேன். அதுவும் இல்லையாம். அமெரிக்கா பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ வந்ததாம். நம் ஊருக்கும் அப்படித்தான் வந்ததாம். யார் கூப்பிட்டது, எந்தக் கவுண்டரில் நின்றது, யாருக்கும் தெரியாது. எனக்குப் பதினோரு வருஷம் எடுத்தது. அதற்கு ஒரு மழை போதும்.

6

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கமாட்டேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது தெரியவே இல்லை, அதுதான் பேசாத மனுஷனைக் கட்டிக்கொண்டால் வருகிற கஷ்டம். மூன்றாம் நாள் அவருக்குத் தேநீர் கொண்டு போனேன். பக்கத்தில் ஒரு சாஸரில் தண்ணீர். அவர் பார்க்கப் பார்க்க ஒரு காயைத் தண்ணீரில் போட்டேன். இரண்டு பேரும் காத்திருந்தோம். பட் என்றது. தேநீரில் ஒரு விதை விழுந்தது.

அவர் அந்த விதையைக் கரண்டியால் எடுத்தார். கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்னைக் கட்டிய நாளிலிருந்து பேசாத அளவுக்குப் பேசினார்.

"நீ திக்கெட் எடுத்துக் குடுன்னு சொன்னே. வீட்டுக்கு வந்து பாத்தேன், அந்தக் கடைசிச் செடியும் செத்துக் கெடந்துச்சு. எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. மறுநாள் வேலைக்குப் போறேன், ட்ராக் ஓரமா ஊதாவாப் பூத்திருக்கு. நீ சொல்லுவியே, அந்தக் கலருதான். தோண்டி, சாப்பாட்டு டிபன்ல வச்சு எடுத்துட்டு வந்துட்டேன்."

நான் சாஸரைத் தள்ளி வைத்தேன்.

"நீ பாத்தா ஒரு தடவ சிரிப்பேன்னுதான் நெனச்சேன், லூர்து. அவ்வளவுதான் நெனச்சேன். நீ இருந்துட்டே. அதுக்கப்புறம் எப்படி லா சொல்றது?"

தினமும் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது காயை வெட்டத்தான். காய் முற்றினால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று எங்கள் ஊர் ஆள் யாரோ அவரிடம் சொன்னார்களாம். எட்டாயிரம் சாயங்காலம் இருக்கும். பேசவே தெரியாத மனுஷன், ஒரு பொய்யை இவ்வளவு நாள் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறார்.

நான் சமையலறைக்குப் போய் அழுதேன். எதற்கு என்று கேட்டால், ஏமாந்ததற்குக் கொஞ்சம், மீதியெல்லாம் அந்த டிபன் பாத்திரத்துக்காக. அன்றைக்கு அவர் எதில் வைத்துச் சாப்பிட்டார் என்று கேட்கத் தோன்றவில்லை.

7

ரோஸி கிறிஸ்துமஸுக்கு வந்தபோது கையில் ஒரு தொட்டியோடு வந்தாள். பாலிக் பூலாவ் பக்கத்தில் ஒரு சீனர் நாற்றுப்பண்ணையில் தேடிப் பிடித்தாளாம். நிஜமான டிசம்பர் பூச் செடி. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. குச்சி குச்சியான தண்டு, முள்முள்ளான இலை, அதே முரட்டுத்தனம். ஒரு பூகூட இல்லை.

எனக்கு அழுகை வரும் என்று அவள் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தயாராக நின்றாள். வரவில்லை. எனக்கே ஆச்சரியம். ஊரிலிருந்து ஒரு சொந்தக்காரர் வந்து இறங்கியது போல இருந்தது. மரியாதையாக நல்ல இடம் கொடுத்தேன், தண்ணீர் கொடுத்தேன், பயணம் எப்படி என்று கேட்காத குறை. ஆனால் வீட்டு ஆள் அது இல்லை.

"பழசப் பிடுங்கிடலாமா மா?" என்றாள் ரோஸி. அவர் ஊன்றுகோலோடு கதவருகே நின்றுகொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தேன். பெண் பார்க்க வந்தபோது காப்பியைக் குடித்துவிட்டு என் பதிலுக்காக உட்கார்ந்திருந்தாரே, அதே முகம்.

"ரெண்டும் இருக்கட்டும்" என்றேன். "சொந்தக்காரங்கதானே."

கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்குப் புறப்படும்போது டிசம்பர் பூ டிசம்பரில் பூக்கவில்லை. களை பூத்திருந்தது. இருபத்தேழு பூ. பறித்து வாழைநாரில் நெருக்கமாகக் கட்டினேன். என்ன பூவென்று தெரிந்தே கட்டுவது இதுதான் முதல் தடவை. விரலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ரோஸி வந்து பக்கத்தில் நின்றாள். மீந்த இரண்டு பூவை எடுத்துத் தன் காதோரம் செருகிக்கொண்டாள். ஆராய்ச்சிக்காம்.

பூசை முடியப் பத்தேகால் ஆகிவிட்டது. கோயிலிலிருந்து வெளியே வரும்போது வழக்கம்போல அவர் எனக்கு இரண்டடி பின்னால் வந்தார். ஊன்றுகோல் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. எனக்குத் தெரியும், குனிகிறார். ரோஸி ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தாள், நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அப்பா என்னமா எடுக்கறார்?" என்று கேட்டாள்.

உதிர்ந்த பூவை எடுக்கிறார். எவ்வளவு சீக்கிரம் உதிர்கிறதென்று எனக்குத் தெரியக் கூடாதென்று இத்தனை வருஷமாக எடுத்திருக்கிறார். இனி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை, எனக்குத்தான் தெரிந்துவிட்டதே. இருந்தும் எடுக்கிறார்.

அந்த இமிகிரேசன் படிவத்தில் எழுதியிருப்பது தப்பு. நான் அவரைப் பின்தொடர்ந்து வந்ததாக அதில் இருக்கிறது. அந்தத் திருத்தத்தை எந்தக் கவுண்டரில் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவுக்குச் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துவிட்டது என்று ரோஸியிடம் சொல்லிவிட்டு, நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டேன். முழங்காலை மடக்கி எழ அவருக்கு நேரம் வேண்டும்.